குபோட்டா எல்2501 ஹைட்ரோஸ்டாட்டிக்: எச்.பி.யைக் கேட்கும் முன் எடையைக் கேளுங்கள்

மிச்சிகனில் ஹோவெல் ஊருக்கு வெளியே எங்களுக்கு எட்டு ஏக்கர் இருக்கிறது. பாதி மரக்காடு, மீதி களிமண் புல்வெளி. ரோட்டிலிருந்து வீட்டுக்கு நீளமான ஜல்லிப் பாதை, அதன் நடுவில் ஒரு சரிவு. இந்த நிலத்துக்காக வாங்கியதுதான் குபோட்டா எல்2501 என்ற சிறு டிராக்டர்: ஹைட்ரோஸ்டாட்டிக் (எண்ணெய் அழுத்தத்தில் ஓடுவது), நான்கு சக்கர இழுவை, முன்னால் மண் அள்ளும் பக்கெட்டோடு எல்ஏ525 லோடர். சில குளிர்காலங்கள் ஓட்டிப் பார்த்த பிறகு சொல்கிறேன், நல்ல வண்டி. இதே வேலைக்கு மறுபடியும் வாங்க வேண்டுமென்றால் இதைத்தான் வாங்குவேன். ஆனால் டீலர் நீட்டுகிற விலைப்பட்டியலை அப்படியே ஒப்புக்கொண்டு வாங்கினால் கைக்கு வருவது முழு டிராக்டர் இல்லை. பின்பக்கம் தொங்க வேண்டிய எடை அந்தப் பட்டியலில் இருக்காது. நான் விலை கேட்ட எந்தக் கடையும் தானாக அதைச் சேர்த்துத் தரவில்லை. டிரெய்லர், புல்வெட்டி, பாக்ஸ் பிளேடு என்று என்னென்னவோ சேர்த்து "பேக்கேஜ்" போட்டார்கள். எதிர் எடை பற்றி நானாகக் கேட்டபோதுதான் பேச்சே வந்தது.

நோவை, கேன்டன், டிராய் பக்கம் அடுத்தடுத்த வீடுகளில் இருந்துவிட்டு, கொஞ்சம் மண் வேண்டும் என்று இந்தப் பக்கம் வரும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எத்தனை எச்.பி.?" என்றுதான். அந்தக் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இந்த ரகத்தில் ஏகப்பட்ட வண்டிகள் 24, 24.5, 24.8 என்று 25-ஐத் தொடாமல் நிற்கும். அதற்குக் காரணம் புகைச் சட்டம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் நான்காம் கட்ட விதி, 19 கிலோவாட்டுக்கு, அதாவது சுமார் 25 எச்.பி.க்கு மேற்பட்ட டீசல் எஞ்சின்கள் வெளியே விடும் கரித்துகளை 2013 முதல் கடுமையாகக் குறைத்தது. அந்த அளவை எட்டப் பெரும்பாலான கம்பெனிகள் புகைக்குழாயில் டி.பி.எஃப். என்ற வடிகட்டியை வைத்தன. அந்த வடிகட்டி நல்ல சூடேறி, சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்துத் தள்ள வேண்டும். தினமும் மணிக்கணக்கில் உழுகிறவருக்கு அது தானாக நடந்துவிடும். பதினைந்து நிமிடம் பனி தள்ளிவிட்டு வண்டியை நிறுத்துகிற என்னைப் போன்ற வீட்டுக்காரருக்கு நடக்காது. கரி அடைத்துக்கொண்டே போகும். அதனால் 25-க்குக் கீழே வாங்குவது எங்களைப் போன்றவர்களுக்கு நல்லது. இந்த வண்டி 24.8. மூன்று சிலிண்டர், 1.6 லிட்டருக்கு மேல், எளிமையான டீசல் எஞ்சின். கடுங்குளிரிலும் ஹீட்டர் பிளக்கைச் சூடாக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினால் பிடித்துக்கொள்கிறது.

எச்.பி. அதோடு சரி. அடுத்துக் கேட்க வேண்டியது வண்டியின் எடை. இதே குபோட்டாவில் பி2601 என்று ஒன்று இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் எஞ்சின் பலம் கிட்டத்தட்ட இதேதான். ஆனால் எல்2501-இன் உடம்பு அதைவிட ஏறக்குறைய ஆயிரம் பவுண்டு கனம். புல் மட்டும் வெட்டுவதென்றால் பி2601 போதும். ஈரமான புல்வெளியில் தடமும் குறைவாக விழும். லோடரில் மண்ணும் ஜல்லியும் மரத்துண்டும் சுமக்கப் போகிறீர்கள் என்றால் அந்த ஆயிரம் பவுண்டு இரும்புக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

ஹைட்ரோஸ்டாட்டிக் என்றால் என்ன என்று ஊர்ப்பக்கம் டிராக்டர் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எஞ்சின் ஒரு எண்ணெய்ப் பம்பைச் சுற்றுகிறது. பம்புக்குள் வட்டமாக நிற்கும் பிஸ்டன்கள் ஒரு சாய்தட்டின் மேல் ஓடுகின்றன. காலடியில் உள்ள பெடல் அந்தத் தட்டின் சாய்வை மாற்றும். தட்டு நேராக நின்றால் எண்ணெய் நகராது, வண்டி நிற்கும். சாயச் சாய எண்ணெய் அதிகம் பாய்ந்து, சக்கரப் பக்கம் உள்ள மோட்டாரை வேகமாகச் சுற்றும். பெடலை மறுபக்கம் அமுக்கினால் வண்டி பின்னே போகும். ஜல்லிக் குவியலில் முட்டி, பின்வாங்கி, திரும்பி, கொட்டி, மறுபடி முட்டுகிற வேலையில் ஒவ்வொரு தடவையும் கியர் மாற்றத் தேவையில்லை. லோடர் வேலைக்கு இதைவிட வசதியான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. பனி ஊதும் இயந்திரத்துக்கும் இதுதான் சரி: கருவிகளைச் சுற்றும் தண்டான பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று வரும்படி எஞ்சினை வைத்துவிட்டு, பனி கனமாக இருக்கும் இடத்தில் காலைத் தளர்த்தி ஊர்ந்து போகலாம். ஊதியின் வேகம் குறையாது.

இந்த வசதிக்குக் கொஞ்சம் பலத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. எல்2501-இன் கியர் மாடல் பி.டி.ஓ.வில் 20.5 எச்.பி. தருகிறது, ஹைட்ரோஸ்டாட்டிக் மாடல் 19. இடையில் உள்ளது எண்ணெயைச் சூடாக்கிவிட்டுப் போய்விடுகிறது. நாள் முழுக்கக் கலப்பை இழுப்பவர்கள் கியர் வண்டி வாங்குங்கள், விலையும் குறைவு.

பெடலைப் பற்றி ஒன்று. கார் ஓட்டிய கால், வண்டி திணறினால் இன்னும் அமுக்கத்தான் போகும். ஹைட்ரோஸ்டாட்டிக்கில் அது தலைகீழ். அமுக்க அமுக்க மேல் கியருக்குப் போவதற்குச் சமம், இழுவை குறையும். திணறினால் காலைத் தளர்த்த வேண்டும், அல்லது மெதுவான, வேகமான ஓட்டத்தை மாற்றும் ரேஞ்ச் லீவரைக் கீழே இறக்க வேண்டும். இதைப் பழகாமல் மேடேற ஹை ரேஞ்சில் அமுக்கிக்கொண்டே இருப்பவர்கள்தான் "பம்ப் அலறுது" என்று டீலரிடம் போகிறார்கள். கொஞ்சம் ஊளைச் சத்தம் இந்த வகை வண்டிக்கு இயல்பு. பாரத்தில் அது கூடும், சரியான ரேஞ்சுக்கு வந்தால் அடங்கும்.

இனி எடைக்கு வருகிறேன். வண்டி வந்த வாரம் கோபியில் இருக்கும் அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். அவர் வாழ்நாளெல்லாம் அப்பக்கூடல் ஆலைக்குக் கரும்பு ஏற்றியவர். கரும்பு டிரெய்லர் மேடேறும்போது டிராக்டரின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்புவதைச் சின்ன வயதிலிருந்தே நானும் பார்த்திருக்கிறேன். வண்டியைச் சுற்றிக் காட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"ஏங்கண்ணு, மூஞ்சில ஒரு வெயிட்டுகூட இல்லையே, தூக்கீறாதா?"

"தூக்காதுங்கப்பா. இங்க பாரம் இழுக்கறது கம்மி, முன்னாடி பக்கெட்லதான் சொமக்கறோம். இதுல பின்னாடிதான் கெளம்பும்."

கொஞ்ச நேரம் பேசாமல் லோடரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப வெயிட்ட பொறத்தாலதான் கட்டோணும்" என்றார். ஒரு வாக்கியத்தில் விஷயத்தைப் பிடித்துவிட்டார். எங்கள் ஊர் அனுபவத்தோடு இங்கே வருகிறவர்களுக்கு இதுதான் முதலில் மாற வேண்டும். முன்பம்பரில் வரிசையாக மாட்டும் இரும்புத் தகடுகள் டிரெய்லர் இழுக்கவும் கனமான கலப்பை தூக்கவும் உதவுபவை. லோடர் மாட்டிய வண்டியில் அந்த இடத்தில் எடை சேர்த்தால், ஏற்கெனவே நசுங்கிக்கொண்டிருக்கும் முன் ஆக்சிலை இன்னும் நசுக்குவதாகும்.

முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்தைக் கிணற்று ஏற்றத்தின் அச்சாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் பக்கெட், பின்னால் டிராக்டரின் உடம்பு. கணக்கு எளிதாக இருக்க, முன் பின் சக்கரங்களுக்கு இடைவெளி 5 அடி என்றும், பக்கெட்டின் நடு முன் ஆக்சிலுக்கு 4 அடி முன்னால் என்றும் வைப்போம். பக்கெட்டில் 700 பவுண்டு ஜல்லி. பின்சக்கரங்களிலிருந்து 700 × 4 ÷ 5 = 560 பவுண்டு கழன்றுவிடும். முன் ஆக்சில் மேல் 700 மட்டும் ஏறாது. 1,260 பவுண்டு ஏறும். லோடரின் சொந்தக் கனம் இதற்கு மேல். 700 பவுண்டு ஜல்லி என்பது பெரிய சுமையும் இல்லை. ஒரு கன கெஜம் ஜல்லி 2,800 பவுண்டு அளவில் வரும்; கால் கெஜம் அள்ளினாலே 700 ஆகிவிடுகிறது.

இப்போது பின்னால் கருவி மாட்டும் மூன்று பாயின்ட் ஹிட்ச்சில், பின் ஆக்சிலுக்கு 3 அடி பின்னே, 700 பவுண்டு எடை தொங்கட்டும். முன் ஆக்சிலிலிருந்து 700 × 3 ÷ 5 = 420 பவுண்டு இறங்கும். பின்சக்கரங்கள் மேல் 1,120 பவுண்டு ஏறும். ஜல்லி கழற்றியதைப்போல இரண்டு மடங்கு திரும்பி வருகிறது.

டயருக்குள் திரவம் நிரப்பினால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். அது வேறு வேலை செய்கிறது. டயருக்குள் இருக்கும் எடை நேராகப் பின்சக்கரம் வழியே தரைக்குப் போகிறது. பிடிப்பு கூடும், கனம் தாழ்வாக இருப்பதால் பக்கவாட்டில் நிதானம் கூடும், பின்பக்கம் எழும்பவும் விடாது. ஆனால் முன் ஆக்சில் மேல் இருக்கும் பாரத்தில் ஒரு பவுண்டைக்கூட அது குறைக்காது. அதைக் குறைக்க எடை பின் ஆக்சிலுக்குப் பின்னால் தள்ளி நிற்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் கடையில் யாரும் உங்களைக் குழப்ப முடியாது. லோடரின் கையேட்டிலேயே எவ்வளவு எதிர் எடை வேண்டும் என்று எழுதியிருக்கும். வாங்குவதற்கு முன்பே அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இன்னொரு காரணம் வெளியே தெரியாது. இந்த வண்டிகளின் முன் ஆக்சில் நடுவில் ஒரே ஒரு இரும்பு முளையில் (பின்) ஊசலாடுகிறது, மேடுபள்ளத்தில் நான்கு சக்கரமும் தரையைத் தொட வேண்டும் என்பதற்காக. அதனால் பக்கவாட்டில் சாயாமல் வண்டியைத் தாங்குவது பின்சக்கரங்கள் மட்டும்தான். பக்கெட் நிறைய மண்ணை எடுத்து, உயரத் தூக்கி, பின்னால் எடை இல்லாமல் ஒரு பக்கச் சரிவில் திரும்பினால், முழு டிராக்டரும் அந்த ஒற்றை முளையில்தான் நிற்கிறது. முன்சக்கரங்கள் இரண்டும் தரையில் உறுதியாக இருப்பதைப் பார்த்து நாம் தைரியமாக இருப்போம். வண்டி அதற்குள் சாய்ந்துகொண்டிருக்கும். பக்கெட்டைத் தரைக்குப் பக்கத்தில் வைத்தே நகர வேண்டும் என்று சொல்வது இதனால்தான். கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டகம் நிமிர்ந்து நிற்க, இடுப்புப் பட்டை கட்டியிருந்தால் வண்டி கவிழ்ந்தாலும் உயிருக்கோ உடம்புக்கோ பெரும் சேதம் வராமல் 99 சதவீதம் காக்கும் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்கிறது. 7 அடி கராஜ் கதவுக்காக அந்தச் சட்டகத்தை மடக்கிவிட்டு அப்படியே வேலைக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மடக்கினால் வெளியே வந்ததும் நிமிர்த்துங்கள். நிமிர்த்தினால் பட்டையைக் கட்டுங்கள்.

பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர், எழுபது வயதுக்கு மேல், வேறொரு கம்பெனி வண்டி வைத்திருக்கிறார். பக்கெட்டில் ஈர மண்ணோடு எங்கள் பொதுச் சரிவில் இறங்கினார். பின்னால் ஒன்றும் மாட்டவில்லை, இரு சக்கர இழுவையில் இருந்தது. பெடலில் இருந்து காலை எடுத்தார், நிற்கவில்லை. பிரேக் மிதித்தார், நிற்கவில்லை. பக்கெட்டைத் தரையில் அழுத்தித்தான் நிறுத்தினார். நல்லவேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரேக்கில் குறை இல்லை. இந்த வண்டிகளில் பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். ஹைட்ரோஸ்டாட்டிக் தரும் தடையும் ஓட்டப்படும் சக்கரத்தில்தான் இருக்கும். பின்சக்கரத்தின் மேல் எடையே இல்லாவிட்டால் அது பூட்டிக்கொண்டு சறுக்கும். நான்கு சக்கர இழுவையைப் போட்டிருந்தால் முன்சக்கரமும் அந்தத் தடையில் பங்கு எடுத்திருக்கும். அதனால் என் வீட்டில் விதி ஒன்று: பக்கெட்டில் பாரம் இருந்தால் சரிவு இறங்கும் முன் நான்கு சக்கர இழுவை, லோ ரேஞ்ச், பின்னால் எடை. என் கணவர், கல்லூரி விடுமுறையில் வரும் மகன், யார் ஏறினாலும் இதுதான். சரிவின் நடுவில் ரேஞ்ச் லீவரைத் தொடவே கூடாது. இரண்டு ரேஞ்சுக்கும் நடுவே நியூட்ரலில் வண்டி கட்டவிழ்ந்து தானாக உருளும். பெடல் அப்போது வெறும் பெடல்.

நான் பின்னால் மாட்டியிருப்பது கடையில் வாங்கிய எடைப் பெட்டி இல்லை, ஒரு பீப்பாய். 55 கேலன் இரும்புப் பீப்பாயைப் பாதிக்குச் சற்று மேலே அறுத்து, குறுக்கே முதல் வகை ஹிட்ச் கம்பியைச் செலுத்தி, மேல் இணைப்புக்கு ஒரு இரும்புப் பட்டையை வெல்டு வைத்து, கான்கிரீட் ஊற்றினோம். காய்ந்த கான்கிரீட் ஒரு கன அடி சுமார் 150 பவுண்டு. முழுப் பீப்பாய்க்கு ஏழு கன அடிக்கு மேல் பிடிக்கும், அதாவது ஆயிரம் பவுண்டைத் தாண்டிவிடும். 600 முதல் 700 பவுண்டில் நிறுத்தியது இந்த வண்டிக்குச் சரியாக இருக்கிறது. வெல்டு வேலை மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்தோம், அது பிய்ந்து விழுந்தால் விளையாட்டில்லை. கடைப் பெட்டியில் ஒரு வசதி உண்டு: மணலோ கல்லோ போட்டு எடையை மாற்றலாம், மண்வெட்டி, சங்கிலி எல்லாம் மாட்டிக்கொள்ளலாம்.

புல்வெட்டியையே பின்னால் மாட்டி எடையாக வைத்துக்கொள்ளலாம் என்று விற்பனையாளர் சொல்வார். 5 அடி வெட்டி 500, 600 பவுண்டு இருக்கும், நன்றாகப் பின்னால் தள்ளியும் நிற்கும்; கணக்குப்படி அருமையான எதிர் எடை. ஆனால் அதோடு மரக்காட்டுக்குள் திரும்பிப் பாருங்கள். வால் ஒவ்வொரு மரத்திலும் இடிக்கும். திறந்த வயலுக்கு அது சரி. எங்கள் இடத்துக்குக் குட்டையான பீப்பாய்தான் தோது. அதுபோலப் பின் பிளேடு மட்டும் மாட்டிவிட்டு எடை இருக்கிறது என்று நினைக்காதீர்கள், அது போதாது.

டயரிலும் திரவம் நிரப்பியிருக்கிறேன். அப்பா சொல்வதுபோலத் தண்ணீர் ஏற்ற முடியாது. இங்கே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை போகும், உறைந்துவிடும். கால்சியம் குளோரைடு கரைசல் பழைய முறை, கனமானது, உறையாது. கசிந்தால் ரிம்மை அரித்துத் தின்றுவிடும். கார் கண்ணாடி கழுவும் நீலத் திரவம் மலிவு, ஆனால் தண்ணீரை விட லேசானது, விஷமும் கூட. நாயும் கோழியும் இருக்கும் வீட்டில் எனக்கு மனம் வரவில்லை. சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கின் சாற்றைத்தான் தேர்ந்தெடுத்தேன். மிச்சிகனின் கிழக்குப் பக்கம் அந்தக் கிழங்கு வயல்கள் நிறைய. அங்குள்ள சர்க்கரை ஆலைகளின் துணைப்பொருள் இது. விலை அதிகம். ரிம்மை அரிக்காது, இந்தக் குளிரில் உறையாது, கேலனுக்கு 11 பவுண்டு அளவில் வரும், தண்ணீர் 8.3 தான். 40 கேலன் கொள்ளும் டயர் என்றால் இரண்டு டயருக்கும் சேர்த்து 200 பவுண்டுக்கு மேல் வித்தியாசம். இதில் ஒரு நஷ்டம்: பீப்பாயைக் கழற்றிவிடலாம், டயரில் இருப்பதைக் கழற்ற முடியாது. ஏப்ரலில் பனி உருகி மண் இளகியிருக்கும்போது புல்வெளியில் ஏறினால் தடம் ஆழமாக விழுகிறது. சமதரை, புல் வெட்டுவதே முக்கிய வேலை என்கிறவர்கள் டயரை விட்டுவிட்டு ஹிட்ச் எடை மட்டும் வாங்குங்கள். சரிவு இருந்தால் இரண்டும் வேண்டும்.

லோடரின் தூக்கும் திறனைப் படிக்கும்போது எந்த இடத்தில் அளந்தது என்று பாருங்கள். எல்ஏ525-க்குச் சொல்லும் சுமார் 1,130 பவுண்டு, பக்கெட் மாட்டும் இரும்பு முளையில் அளந்தது. பக்கெட்டின் நடுவுக்கு வரும்போது குறையும். பக்கெட்டை எளிதில் கழற்றி மாட்டும் அமைப்பு வைத்தால், அதன் கனமும் பாரம் முன்னே தள்ளிப்போவதும் சேர்ந்து இன்னும் குறையும். பேலட் என்ற சரக்கு மரத்தட்டைத் தூக்கும் ஃபோர்க் மாட்டினால் மேலும் குறையும். இங்கே பலர் குளிர்காலத்துக்கு மரத்தூள் உருண்டை எரிக்கிறார்கள். அது 40 பவுண்டு மூட்டை ஐம்பது அடுக்கி, 2,000 பவுண்டு பேலட்டாக வரும். இந்த வண்டி அதைத் தூக்காது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து இறக்க வேண்டும். இது குறை இல்லை, இந்த அளவு வண்டியின் எல்லை. மிஞ்சிய எண்ணெய் அழுத்தத்தைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு கீச்சிட்டால் வண்டி "முடியாது" என்கிறது, அங்கே நிறுத்திவிடுங்கள்.

நம்பகத்தன்மை பற்றிக் கேட்பவர்களுக்கு நான் பிராண்டு வரிசை போட்டுக் கொடுப்பதில்லை. குபோட்டா, ஜான் டீர், கியோட்டி, எல்எஸ், மகிந்திரா என்று எதை எடுத்தாலும் இந்த வகையில் எஞ்சின் சீக்கிரம் சாவதில்லை. காசைக் கரைப்பது இரண்டு இடங்கள்: ஹைட்ரோஸ்டாட்டிக் பம்பும், நான்கு சக்கர இழுவையின் முன் ஆக்சிலும். முதலாவது எண்ணெயைப் பொறுத்தது, இரண்டாவது நான் மேலே சொன்ன எடையைப் பொறுத்தது.

பம்புக்குள் இருக்கும் இடைவெளிகள் மைக்ரான் கணக்கு. அதற்கு எதிரி தூசும் தண்ணீரும். புது வண்டியில் முதல் 50 மணி நேரச் சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள். புது இரும்பு உரசி விடும் துகள்கள் அந்த ஃபில்டரில்தான் இருக்கும். அதன் பிறகு கையேடு சொல்லும் மணிக்கணக்குப்படி செய்யுங்கள். எண்ணெய் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். நான் குபோட்டாவின் சூப்பர் யூடிடி2 மட்டும் ஊற்றுகிறேன், விலை வலிக்கத்தான் செய்கிறது. "303" என்று மஞ்சள் வாளிகளில் மலிவாக விற்றுக்கொண்டிருந்த டிராக்டர் எண்ணெய் 1970-களிலேயே காலாவதியான ஒரு தரக்குறியீட்டைத் தாங்கியது. மிசௌரி மாநிலம் அதன் விற்பனையைத் தடையே செய்தது. பழைய வண்டி வாங்கும்போது முன்னவர் என்ன ஊற்றினார் என்று கேட்க மறக்காதீர்கள்.

குளிரில் எண்ணெய் கெட்டியாக இருக்கும். எஞ்சின் பிடித்த உடனே பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாகச் சுற்றவிடுகிறேன். ஐந்து நிமிட வேலைக்காக ஸ்டார்ட் செய்து அணைப்பது உள்ளே ஈரத்தைச் சேர்க்கும். ஒரு தடவை கிளப்பினால் முழுதாகச் சூடேறும்வரை வேலை வைத்துக்கொள்கிறேன். கோடையில் புல் வெட்டிய பிறகு ரேடியேட்டர் வலையையும் எண்ணெய்ப் பெட்டியைச் சுற்றிய இடத்தையும் ஊதிச் சுத்தம் செய்வது என் வேலை. சூடான எண்ணெய் மெலிந்து, மெலிந்த எண்ணெய் பம்பைத் தேய்க்கும்.

டீலர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதையும் பாருங்கள். பாகம் கையிருப்பில் வைத்திருக்கிற, பட்டறையில் அனுபவமுள்ள மெக்கானிக் இருக்கிற டீலர் அரை மணி தூரத்தில் இருந்தால், சற்றுக் குறைவாகப் பேசப்படும் பிராண்டும் நல்ல வண்டிதான். அது இல்லாவிட்டால் ஜனவரி நடுவில் எந்தப் பெயரும் உதவாது. விலை பேசும்போது, வட்டியில்லாக் கடனுக்கு ஒரு விலையும் ரொக்கத்துக்குக் குறைந்த விலையும் இருக்கும். இரண்டையும் எழுதி வாங்குங்கள். பேரம் முடிகிற இடத்தில் "டயர் நிரப்பி, ஹிட்ச் எடையும் சேர்த்துத் தாருங்கள்" என்று கேளுங்கள். கையெழுத்துக்கு முன் இதற்கு இசைந்து வருவார்கள்.

பழையது வாங்குகிறவர்களுக்கு: வண்டி குளிர்ந்திருக்கும்போது போங்கள், ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். எண்ணெய்க் கண்ணாடியில் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர். அரை மணி நேரம் நன்றாக வேலை வாங்கிச் சூடேற்றிவிட்டு ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். தேய்ந்த பம்ப் குளிரில் நடிக்கும், சூட்டில்தான் சோரும். பெடலில் கால் இல்லாதபோது ஊர்கிறதா என்று கவனியுங்கள். பிறகு முன்பக்கம் குனியுங்கள். லோடர் பின்களில் ஆட்டம், லோடர் சட்டத்தில் மறு வெல்டு, முன்சக்கரம் திரும்பும் மூட்டில் (நக்கிள்) எண்ணெய்க் கசிவு, டயர் உட்பக்கமாகத் தேய்ந்திருப்பது: இவை எல்லாம் பின்னால் எடை இல்லாமல் ஓட்டிய வண்டியின் அடையாளங்கள். விற்பவரிடம் எதிர் எடை எங்கே என்று கேளுங்கள். வண்டியோடு தருகிறேன் என்று காட்டினால் பேரத்தைத் தொடருங்கள். அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்றால், மீட்டரில் மணி எவ்வளவு குறைவாக இருந்தாலும், முன் ஆக்சிலைப் பிரித்துச் சரிசெய்யும் செலவை விலையில் கழித்துவிட்டுப் பேசுங்கள்.